ஓரக்கோட்டுக்கு வெளியே நீங்கள் எழுதியது

கறையான் ஏறுகிறதென்று இன்று காலை உங்கள் அலுமாரிக்கு மண்ணெண்ணெய் பூசினேன். அந்த மணம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. மேல்தட்டில், கணக்குக் கொப்பிகளுக்கு நடுவே, அந்தக் கண்ணாடித் துண்டு இருந்தது. யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அதில் படிந்த உலோகக் கறை மங்கவில்லை. நிமிர்த்திப் பிடித்த வேப்பங்கொட்டை போல நீண்டு நிற்கிறது.

ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் விடாமல் செய்த வேலை அது ஒன்றுதான். கண் இமைக்கும் நேரத்திலும் மிகக் குறைந்த நேரம் லேசர் ஒளி உலோகத்தில் விழுகிறது. பட்ட இடம் ஆவியாகி, ஒளிரும் முகிலாக எழுந்து, எதிரே வைத்த கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிகிறது. அந்த முகிலுக்குப் பிளாஸ்மா என்று பெயர். ஒளி விழுந்துகொண்டிருக்கும்வரை சூடேறியபடி விரியும், ஒளி நின்றதும் தன் சூட்டைச் செலவழித்து விரியும் என்பீர்கள். எந்தப் பக்கம் எவ்வளவு விரியும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் உங்கள் கணித மாதிரி. உடுவிலில் எங்கள் வீட்டில் லேசரும் இல்லை, வெற்றிடக் கலமும் இல்லை. உங்களிடம் இருந்தவை கொப்பிகளும், ஒரு பழைய கொம்பியூட்டரும், நானும்.

கண் மங்கத் தொடங்கியபோது உங்கள் எண்களை நான் கொம்பியூட்டரில் பதிந்தேன். கணிதம் படிப்பித்தவள், கொன்வென்ற் கையெழுத்து. ஓரக்கோட்டுக்கு வெளியே எழுதியது கணக்கில் சேராது என்பது கொன்வென்ற்றின் தலைமைக் கன்னியாஸ்திரி மதர் எங்களுக்குப் போட்ட விதி. பிள்ளைகள் ஓரத்தில் கிறுக்கியதை நான் ஒருநாளும் வாசித்ததில்லை. உங்கள் கொப்பியையும் அப்படித்தான் வாசித்தேன்.

லேசர் பட்ட தழும்பு கிடையாக நீண்டது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே பதிந்தேன். கண்ணாடியில் படியும் கறை நிமிர்ந்து நிற்கும் என்று விடை வந்தது. கிடக்கிற தழும்பிலிருந்து நிற்கிற கறை எப்படி வரும்? செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுகிறவர் நீளத்தையும் அகலத்தையும் மாற்றி எழுதிவிட்டார் என்று முடிவு செய்தேன். இரண்டு எண்களையும் இடம் மாற்றினேன். கறை படுத்துக்கொண்டது.

"இஞ்சேரும், எப்பிடி வந்திருக்கு? நிக்குதோ, படுத்திருக்கோ?"

"படுத்திருக்கு."

"படுத்தோ? நிக்கும் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

"தேத்தண்ணிக்கு உப்புப் போட்ட மனுசன்ரை நினைப்பை ஆர் கேட்டது? கணக்குச் சொல்லுறதைக் கேளுங்கோ."

"அதுவும் சரிதான், ரீச்சர்" என்று சிரித்தீர்கள்.

வெளிநாட்டில் ஆய்வுகூடம் வைத்திருந்த உங்கள் பழைய நண்பருக்கு அந்த விடைதான் போனது. அவர் செய்து பார்த்து, கண்ணாடித் துண்டையும் ஒரு கடிதத்தையும் அனுப்பினார். "உங்கள் கணிப்பு தொண்ணூறு பாகை திரும்பியிருக்கிறது" என்ற வரியை நானே உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் விரலால் கண்ணாடியைத் தடவியபடி கேட்டீர்கள்.

"கொப்பியிலை கிடந்தபடிதானே எண்களைப் போட்டனீர்?"

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் என் வாய் சொன்னது வேறு. "நான் எப்ப பிழை விட்டனான்?"

"அது தெரியாதோ" என்றீர்கள். உடனே நம்பிவிட்டீர்கள்.

அன்று மாலை முதன்முறையாக உங்கள் கொப்பியின் ஓரத்தை வாசித்தேன். "நீட்டு வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் வரம்பை உடைத்துப் பக்கவாட்டில்தான் பாயும். ஒடுங்கின பக்கம்தான் முந்தும்." சண்டிலிப்பாயில் வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே வளர்ந்தவர் எழுதிய இரண்டு வரி. சமன்பாடு தெரியாதவளுக்கும் விளங்கியிருக்கும்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினொரு மாதம் நினைத்தேன். நீங்கள் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்கா முதலிலை இருந்து வாசியும்" என்பீர்கள். பிழை இல்லாத சமன்பாடுகளை, பிழை இல்லை என்று தெரிந்துகொண்டே, வரி வரியாக வாசித்தேன். உச்சரிப்பில்கூட ஒரு குறை விடவில்லை. கடைசியில் ஒருநாள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"மூடி வையும், ரீச்சர். எனக்கு விளங்காத ஒரு சாமானைப் பற்றி முப்பது வருசம் கதைச்சுப் போட்டன்."

மூடி வைத்தேன். அடுத்த மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஆண்டுத் திவசத்தன்று உங்கள் தங்கை பந்தியில் இருந்து சொன்னா, "மச்சாள், அண்ணை கடைசி மட்டும் சொல்லுவார், என்ரை மனுசி கணக்கிலை பிழை விடமாட்டா, பிழை என்ரை மண்டையிலைதான் எண்டு." நான் அவவுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன். வேறு என்ன செய்ய?

கொன்வென்ற்றில் எங்களோடு படித்த வேதக்காரப் பிள்ளைகள் சுவாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் முடித்து முகம் தெளிந்து வருவார்கள். சைவப் பிள்ளைகள் நாங்கள் அந்த வேதக்கோயில் வாசலில் அவர்களுக்காகக் காத்து நிற்போம். எனக்குப் போய்ச் சொல்ல அப்படி ஓர் இடமில்லை. அதனால் உங்கள் நண்பருக்கு எழுதினேன். நீளத்தையும் அகலத்தையும் மாற்றியவள் நான், என் கணவரின் கணிப்புச் சரி என்று எழுதினேன். பண்பான பதில் வந்தது. ஆய்வுகூடத்தை மூடி நாளாகிறதாம். கறை தழும்புக்குக் குறுக்காகத் திரும்புவது துறையில் எல்லோருக்கும் தெரிந்த விடயமாம். இதை நினைத்து நான் வருந்தத் தேவையில்லையாம்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருந்தது. தெரியாது என்று உங்களை நம்பவைத்து அனுப்பினேன்.

இப்போதெல்லாம் யாராவது "சரிதானே?" என்று கேட்டால், கடைக்காரன் கேட்டாலும், உடனே பதில் சொல்வதில்லை. திரும்ப ஒருமுறை பார்க்கிறேன். ஓரத்தில் எழுதியிருப்பதையும் வாசிக்கிறேன். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.