ராணியைப் படுக்கவைத்த சாயங்காலம்

விஜயநகர், மைசூரு
மார்கழி, ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள தன்மயிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைச் சேர்க்காமல். நீயும் அங்கே முழங்கால் உட்பட சுகமாக இருக்க நம் பெருமாள் செலுவநாராயணன் பார்த்துக்கொள்ளட்டும். மாண்ட்ரியாலில் பனி கொட்டுகிறது என்று தெரியும். அப்பா தினமும் காலையில் போனில் உன் ஊர்க் குளிரைப் பார்த்துவிட்டு இங்கே தான் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார். பின்கட்டு மாதுளை காய்த்திருக்கிறது, பாதியை அணில் தின்றுவிட்டது. மாடி அறைச் சுவரில் ஈரம் இறங்கியிருந்தது, பூசியாயிற்று. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். மற்றதைச் சொல்ல முடியாது. சொன்னால் நடுவில் நீ அழுவாய், அல்லது நான் சிரித்துவிடுவேன், இரண்டும் இதற்கு ஆகாது. அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். முந்தின வார வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூடத்து டிவியில், பக்கத்து வீட்டு ஹம்ஸாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. உன் முதல் படம், தனியாகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் அந்த ஜன்னல். உள்ளே நம் வீடு, நம் பச்சைச் சுவர், நம் காப்பி டபரா. வெளியே பனி. ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்தேன், பிறகு நீ வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாய் என்று புரிந்தது. அன்று தூக்கத்தில் விஜயநகர் முழுக்கப் பனி பெய்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பசவராஜ் வெள்ளையில் சத்தமே இல்லாமல் நடந்து வந்தான். நான் வாசலில் நின்று கொண்டிருந்தேன், குளிரவில்லை. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் தெரு வெள்ளையாகவே இருந்தது. இதை நீ எனக்குக் கொடுத்திருக்கிறாய், அதற்கு சந்தோஷம்.

நானாக நடித்த அந்த யாழ்ப்பாணத்து அம்மாள் நன்றாகச் செய்திருக்கிறார். என்னைவிட அழகாகக் காய் நறுக்குகிறார். படத்தில் அவர் வாய் திறப்பது மூன்று நான்கு இடம்தான், அதில் ஒன்று "ஓம், பிள்ளை," நம் ஆமாம்தான் அவர்களுக்கு ஓம். அதிலிருந்து அப்பா காப்பி வேண்டுமா என்றால் "ஓம்" என்கிறார், மாத்திரை போட்டாயிற்றா என்றால் "ஓம்" என்கிறார். ஆனால் அவருக்கு உன் மேல் கோபம். "நான் என்ன பேசவே பேசாதவனா? படம் முழுக்க என்னை வாசல்ல ஒரு ஜோடி செருப்பா வச்சிருக்கா!" என்று எழுந்து நின்றுவிட்டார். அதற்கு ஹம்ஸா, "செருப்பாவது வச்சாளே மாமா, எங்காத்து மாமாவுக்கு அதுவும் கிடைக்காது" என்றாள்.

செவ்வாய்க்கிழமைகளில் நானும் ஹம்ஸாவும் சினிமாச் சங்கத்துக்குப் போவது உனக்குத் தெரியும். பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே, பிளாஸ்டிக் நாற்காலி போட்ட ஹால். நீ இந்தத் துறைக்குப் போன பிறகு நீ என்னதான் செய்கிறாய் என்று தெரிந்துகொள்ளப் போக ஆரம்பித்தேன், இப்போது எனக்காகவே போகிறேன். சின்னப் படங்கள், நாலு பேர் சேர்ந்து கைக்காசில் எடுத்தவை, எந்தெந்தத் தேசத்துப் படங்களோ. எல்லாவற்றிலும் ஒரு அம்மா. அவள் குழாயடியில் கை கழுவுகிறாள், வெகுநேரம். துணி மடிக்கிறாள். ஜன்னல் வழியே பார்க்கிறாள். பெரிய படங்களில் அம்மா அழுவாள், சின்னப் படங்களில் அழமாட்டாள், மற்றபடி எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கு ஒரு சிநேகிதி இருப்பதில்லை. அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பரிமாறுவாள், பாத்திரத்தில் மிச்சம் இருக்கும், அதற்குள் காட்சி மாறிவிடும். போன மாதம் படம் முடிந்து பேசும்போது கிரண் என்கிற பையன் என்னிடம் கன்னடத்தில், ஒரு தாயாக அந்த ஜன்னல் காட்சியில் என்ன உணர்ந்தீர்கள் ஆன்ட்டி என்று கேட்டான். நானும் அப்படித்தானப்பா நிற்பேன், குப்பை வண்டி வருகிறதா என்று பார்க்க, என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஆனால் கெட்ட படங்கள் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் அந்தக் கை, அந்தத் தண்ணீர், வெளிச்சம் மெதுவாக நகர்வது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். மானசகங்கோத்ரியில் எம்.ஏ. படித்தபோது எங்களுக்குக் கவிதையில் சொல்லிக்கொடுத்தது அதுதான், சொல்லாமல் விடுவது. இப்போது இன்னொன்று தோன்றுகிறது. சொல்லாமல் விட்ட இடத்தில் பார்க்கிறவர்கள் தங்களுடையதைப் போட்டு நிரப்பிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் துக்கத்தைப் போடுகிறார்கள்.

உன் படத்தின் அந்த இடத்துக்கு வருகிறேன். விஜயதசமி. குழந்தை ஜம்பூ சவாரி யானை ஊர்வலம் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள், வாசலில் அப்பாவின் செருப்பு, கையில் பலூன். கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே அம்மா பொம்மைப் படி முன்னால் உட்கார்ந்து ராணி பொம்மையை எடுத்துப் படுக்கவைக்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். குழந்தை கூப்பிடுகிறாள், திரும்பவில்லை. அப்புறம் உன் குரல்: என் அம்மா சந்தோஷமாக இல்லை என்று எனக்குத் தெரிந்த சாயங்காலம் அது. அந்த இடத்தில் ஹம்ஸா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாதான் சும்மா இல்லை. "ராஜாவைன்னா படுக்க வைக்கணும், ராணியை ஏன் படுக்க வைக்கறா?" என்றார். "உங்காத்துல ராஜா, எங்க அம்மா ஆத்துல ராணி, கல்யாணமான நாளா நான் ராணியைத்தான் வைக்கறேன்" என்றேன். "நான் கவனிக்கவே இல்லையே." "நீங்க எதைத்தான் கவனிச்சேள்." நீ கவனித்திருக்கிறாய். ராணி என்பதை, அவள் தலை கிழக்குப் பக்கம் இருந்ததை, என் புடவை நிறத்தை. எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் தப்பு.

அந்த மரப்பாச்சியைப் படுக்கவைப்பது ஏன் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை, வருஷா வருஷம் பார்ப்பதுதானே என்று விட்டுவிட்டேன். நவராத்திரி முடிந்துவிட்டது என்று பொம்மைகளுக்குச் சொல்வது, அவ்வளவுதான். ஒன்று படுத்தால் மற்றதெல்லாம் மறுநாள் பெட்டிக்குள் போகலாம். அதில் துக்கம் எதுவும் இல்லை. அந்த வருஷம் ஒன்பது நாளும் வீடு நிறைய ஜனம், உன் அத்தைகள் இரண்டு பேரும் பிள்ளைகளோடு வந்து தங்கியிருந்தார்கள், காலையில் தளிகை, சாயங்காலம் சுண்டல், வெற்றிலை பாக்கு, பாட்டு, யாருடைய குழந்தைக்கோ வாந்தி. கடைசி நாள் எல்லோரும் யானை பார்க்கப் போனார்கள். தெருவே போய்விட்டது. நாய்கூடக் குரைக்கவில்லை. நான் வரவில்லை என்று சொல்லி இருந்துவிட்டேன். விளக்கேற்றி, ஆரத்தி எடுத்து, ராணியைப் படுக்கவைத்துவிட்டு உட்கார்ந்தேன். எப்படிச் சொல்ல. உடம்பில் எடையே இல்லை. விளக்கு வெளிச்சம் பொம்மைகளின் முகத்தில் ஏறி இறங்கியது. நான் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் மன்னி இல்லை, பெயர்கூட இல்லை. சந்தோஷம் என்று அதற்குத்தான் பெயர் என்று இப்போதும் நினைக்கிறேன். நீ கூப்பிட்டது கேட்டது. இன்னும் ஒரு நிமிஷம் என்று திரும்பாமல் இருந்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை, அந்த நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது.

துக்கமே இல்லையா என்று கேட்பாய். இருந்தது. என் அப்பா தவறிய வருஷம், உன் அப்பாவுக்கு வேலை மாற்றலாகி நாம் தனியாக இருந்த வருஷம். அந்த நாட்களில் நான் நிறையப் பேசினேன், சிரித்தேன், உனக்குத் தினமும் ஒரு புதுப் பட்சணம் செய்தேன். அதை யாரும் படம் எடுக்கமாட்டார்கள். பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

இனி இதை எழுதுவதற்கான காரணம். படத்தோடு நீ எழுதியிருந்தாயே, எடிட்டிங் ஸ்டூடியோவில் பிப்ரவரியோடு வேலையை விடப்போகிறேன், மைசூருக்கே வந்துவிடுகிறேன், இனி நீ அந்த ஜன்னலில் தனியாக நிற்க வேண்டாம் அம்மா என்று. படித்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்பதை மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷமாகிவிட்டது. மாடி அறையைத் திறந்து பெருக்கினேன். மெத்தையை வெயிலில் போட்டேன். சுவர் பூசியது அதற்குத்தான். மறுநாள் ஹம்ஸாவிடம் சொன்னேன். அவள் படம் பார்த்தவள் இல்லையா, "செலுவி, கோவிச்சுக்காதே. அவ உன்னைப் பார்க்க வரலை. படத்துல இருக்காளே, அவளைப் பார்க்க வரா. வந்து இறங்கினப்புறம் நீ தினம் ஜன்னல்கிட்டயே நின்னுண்டு இருக்கணும், முடியுமா உன்னால?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "சும்மா இருடி, உனக்குப் பொறாமை" என்றேன். அவள் பெண் ஆஸ்திரேலியாவிலிருந்து கடைசியாக வந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. பொறாமையும்தான், ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் சொன்னது மெத்தையோடு வெயிலில் கிடந்தது, உள்ளே எடுத்து வந்த பிறகும் போகவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நீ வருவாய். நான் மத்தியானம் தூங்குவேன், நீ கதவருகே நின்று பார்ப்பாய். செவ்வாய்க்கிழமை நான் கிளம்பினால், பாவம், பொழுது போகாமல் போகிறாள் என்று நினைப்பாய். நான் பேசாமல் இருந்தால் ஏன் என்பாய், பேசினால் மறைக்கிறாள் என்பாய். கொஞ்ச நாளில் நானே அந்த அம்மாள் மாதிரி மெதுவாகக் காய் நறுக்க ஆரம்பித்துவிடுவேன், உனக்குப் பிடிக்குமே என்று. அங்கே நீ உட்கார்ந்து யாருடைய மணிக்கணக்கான படத்தையோ வெட்டிச் சேர்த்து மூச்சு விட வைக்கிறாய். உன் கை தெரிகிறது, எனக்குக்கூட. அதை ஒரு தப்பான சாயங்காலத்துக்காக விட்டுவிட்டு வருவாயா? உனக்கே பனி அலுத்துவிட்டது, இங்கே வந்து படம் எடுக்கவேண்டும் என்று இருந்தால் அது வேறு. அப்போது மூட்டையோடு வா, நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன். எனக்காக வராதே. எழுதியாயிற்று, அடிக்கமாட்டேன்.

படத்தை மாற்ற வேண்டுமா என்று நீ கேட்கவில்லை, இந்தக் கடிதம் பார்த்ததும் கேட்பாய். வேண்டாம். அந்த இடத்தை அப்படியே வை. கதவருகே நின்ற குழந்தைக்கு அப்படித்தான் தெரிந்தது, அதுவும் நிஜம்தான், அவளிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. படத்தின் கடைசியில் "அம்மாவுக்கு" என்று போட்டிருப்பதும் இருக்கட்டும். அடுத்த வாரம் முடித்துப் படவிழாவுக்கு அனுப்பிவிடு. திரையிடும் இடத்தில் யாராவது எழுந்து, உங்கள் அம்மா இதைப் பார்த்தாரா, என்ன சொன்னார் என்று கேட்டால், பார்த்தாள், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள் என்று சொல். என்ன என்று சொல்லாதே. அது எனக்கு இருக்கட்டும்.

கை காலுக்கு எண்ணெய் தடவிக்கொள், குளிரில் தோல் வெடிக்கும். எடிட்டிங் மேஜையிலேயே சாப்பிடாதே, எழுந்து போய் உட்கார்ந்து சாப்பிடு. அந்த யாழ்ப்பாணத்து அம்மாளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். நீ எடுக்கும் படங்களும் எடுக்காத நாட்களும் நன்றாக அமைய வேண்டும், கண் கலங்காமல், கை ஓயாமல், நீண்ட நாள் நீ நன்றாக இருக்கவேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்கிறார்.

ஒன்று மறக்காதே. சித்திரையில் மூன்று வாரம் லீவு போட்டு வா. ஆனால் டிக்கெட் எடுக்கும்போது முதலில் திரும்பிப் போகும் தேதியைப் போடு, அதன் பிறகு வரும் தேதியைப் போடு. இரண்டையும் எனக்கு எழுது. வருகிற தேதிக்கு நான் காத்திருப்பேன். போகிற தேதிக்கு, நீ எடுத்துப்போகப் புளிக்காய்ச்சல் செய்து வைப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
செலுவம்பா