ஒரே சுவரில் இரண்டு பெட்டி

12-2-1971

மில்லில் புது ஷெட்டுக்கு மிஷின் இறக்கியாகிவிட்டது. ஓட்டிப் பார்க்கத் தனியாக ஒரு சுவிட்சுப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். எங்கே? நாங்கள் வேலை பார்க்கும் பழைய ஷெட்டின் பெட்டிக்குப் பக்கத்தில், அதே சுவரில். ஒரே சாம்பல் பெயிண்டு, ஒரே மாதிரிக் கைப்பிடி. மாஸ்டர் ராஜகுருவிடம் சொன்னேன்.

"புதுசை அந்தப் பக்கம் மாட்டச் சொல்லுங்க சார். இல்லைன்னா பழசுக்கு ஒரு பூட்டாச்சும் போடணும். நாங்க மிஷினுக்குள்ள கைய விட்டிருக்கப்ப எவனாச்சும் மாத்திப் போட்டுட்டா?"

"டிரயல் முடியிற வரைக்கும்தானே திம்மையா. சித்திரைக்குள்ள கழட்டிருவோம்."

சரி என்று வந்துவிட்டேன். மிஷின் பழுது பார்க்கும் பிட்டர் நான், வேறென்ன செய்ய?

20-2-71

எலக்ட்ரீஷியன் இருளாண்டி, பரளச்சிக்காரப் பையன், பெட்டிகள் மேல் சாக்கட்டியால் 'பழசு', 'புதுசு' என்று எழுதினான். மத்தியானத்துக்குள் பஞ்சுத் தூசி மூடிவிட்டது.

9-4-71

இடது கையால் எழுதுகிறேன். மதுரை ஆஸ்பத்திரி. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

11-4-71

நடந்தது இதுதான். பழைய ஷெட்டின் பெட்டியை அணைத்துவிட்டு, உருளையில் சிக்கிய பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தேன். இருளாண்டி புது ஷெட்டை ஓட்டிப் பார்க்க வந்திருக்கிறான். போட்டது பழைய பெட்டியை. உருளை சுற்றியது. ஒரு சத்தம் கேட்டது. என் சத்தமா, மிஷின் சத்தமா - தெரியவில்லை.

15-4-71

என் மனைவி சௌடம்மாள் சோறு ஊட்டுகிறாள். பக்கத்துக் கட்டில்காரருக்குப் புரியாதபடி, வீட்டில் பேசும் கன்னடத்தில் கேட்டாள், "இனிமே என்ன செய்வோம்?"

நான் அன்றைக்கே செத்திருக்கலாம். செத்திருந்தா இந்தக் கேள்வியக் கேக்கக்கூட அவளுக்கு ஆள் இருந்திருக்காதே.

22-4-71

இல்லாத கை அரிக்கிறது. எங்கே சொறிவது?

3-5-71

இருளாண்டி வந்தான். வெகுநேரம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றானாம். சௌடம்மாள்தான் பார்த்துக் கூட்டிவந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணே, கண்ணு புதுசைத்தான் பாத்துச்சு. கை மாறிப் போயிருச்சு."

திட்ட வேண்டும் என்றுதான் இத்தனை நாள் படுத்துக்கிடந்தேன். வாயில் வந்தது, "ஏலே, சாப்டியா?" ஏன் அப்படிக் கேட்டேன்?

28-5-71

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். 'இருளாண்டியின் கவனக்குறைவு' என்று எழுதி வைத்திருந்தார்கள். இடது பெருவிரலை வைக்கச் சொன்னார். எழுதத் தெரிந்தவனிடம்.

"பெட்டி இப்ப எங்க சார் இருக்கு?"

"எந்தப் பெட்டி?"

"ரெண்டும்."

"அது இருந்த இடத்துலதான். ஒருத்தனை வெளிய அனுப்புனாத்தான் மத்தவன் பயந்து வேலை பாப்பான்."

"அப்ப நான் வைக்கலை சார்."

பயந்தவன் கை தவறாதா? பயந்தா இன்னும்தானே தவறும்.

1-6-71

நான் விரல் வைக்காமலே அவனை நிறுத்திவிட்டார்கள். பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறானாம்.

5-7-71

எனக்கு வாட்ச்மேன் வேலை. வாசலில் ஒரு ஸ்டூல். உள்ளே போய்ப் பார்த்தேன். சித்திரை போய் ஆனியும் போகப்போகிறது. டிரயல் முடியவில்லை. இரண்டு பெட்டியும் அப்படியே. இருளாண்டி இடத்தில் உக்கிரபாண்டி என்று ஒருவன். நல்ல பையன்தான். இருளாண்டியும் நல்ல பையன்தான்.

மாஸ்டரிடம் மறுபடி கேட்டேன். "பூட்டுக்குச் சொல்லியிருக்கேன் திம்மையா. வரும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

6-7-71

என் கை போனது வீணாத்தான் போச்சா?

19-7-71

என் முறை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். நான் பார்த்த வேலையை இப்போது வெள்ளத்துரை பார்க்கிறான். பெட்டியை அணைத்துவிட்டு உருளைக்குள் குனிந்திருந்தான். இரண்டு கையும் உள்ளே.

உக்கிரபாண்டி வந்தான். பின்னால் வந்த யாரிடமோ பேசிக்கொண்டே என் தலைக்கு மேலே கையை நீட்டினான். பிடித்துக்கொண்டேன்.

"எந்த ஷெட்டுப்பா?"

"புதுசுண்ணே."

சொன்ன பிறகுதான் பெட்டியைப் பார்த்தான். அவன் கையை விட மனம் வரவில்லை எனக்கு.

மாஸ்டர் தூரத்தில் நின்று பார்த்தார். பூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலை எடுக்கவும் சொல்லவில்லை.

வெள்ளத்துரைக்கு எதுவும் தெரியாது. வேலையை முடித்துவிட்டு வந்து கை நிறைய ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டான். "டீ குடிக்கப் போவமா அண்ணே?" என்றான்.

"நீ போயிட்டு வா" என்றேன்.

நாளைக்கும் டிரயல் இருக்கிறது.