அடைகாக்கும் பெட்டி

மார்ச் 3

பெட்டியின் செம்புத் தொட்டியில் இருந்த ஓட்டையை ஈயம் வைத்து அடைத்துவிட்டேன். பழைய சாமான் கடைக்காரர் இதைச் செருப்பு அலமாரி என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார். முட்டை பொரிக்கிற பழங்காலப் பெட்டி என்று வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும், அந்தச் சூடு குழாய் வழியாகப் போய்த் தொட்டித் தண்ணீரைச் சுட வைக்கும். சூடு மீறினால் ஒரு தகர வில்லை உப்பி, நெம்புகோலைத் தூக்கி, மேல்மூடியைத் திறந்துவிடும்.

தையல் மெஷின் மெக்கானிக் இல்லையா, நெம்புகோலைப் பார்த்ததும் கை பரபரத்தது. விளக்கைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டேன். மரப்பெட்டி, மண்ணெண்ணெய், அதுவும் வீட்டுக்குள்.

மார்ச் 6

விளக்கை இன்னும் ஏற்றவில்லை. திரி சரியில்லை என்று மனைவியிடம் சொன்னேன். திரி நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9

காலையில் தங்கை ஓடிவந்தாள். முந்தானையில் பதினோரு முட்டைகள். தெருநாய்கள் வலையைப் பிய்த்துக்கொண்டு புகுந்து அத்தனை கோழிகளையும் குதறிவிட்டன. ஒரு வாரமாக இந்த முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்த கோழியும் போய்விட்டது. அந்தக் கோழிகளை வைத்துத்தான் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தாள்.

"அண்ணா, அந்தப் பெட்டி வேலை செய்யுமா?"

"செய்யும்."

ஏன்டா அப்படிச் சொன்னே? ஒரு தடவைகூட ஏற்றிப் பார்த்ததில்லையே!

குளியலறையில் தீப்பிடிக்க ஒன்றுமில்லை என்று பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தேன். முட்டைகள் முன்னால் எப்படிக் குளிப்பது என்று மனைவி கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கை ஏற்றினேன்.

மார்ச் 10

கண்ணை மூடினால் வீடு எரிகிறது. திரியைக் கொஞ்சம் இறக்கினேன். பெட்டிக்குள் மாட்டிய தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டுகிறது. முட்டைக்கு அது போதும்.

மார்ச் 12

கருகல் வாசனை. விழுந்தடித்து ஓடினேன். பக்கத்து வீட்டில் எதையோ அடிப்பிடிக்க விட்டிருக்கிறார்கள்.

மார்ச் 16

முட்டைகளைப் புரட்ட மனைவி உதவினாள். ஒன்றைக் கையில் எடுத்தவள் முகம் மாறியது. "என்னங்க, சூடே காணோமே?" காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து முட்டைகளுக்கு நடுவே செருகினாள். தொண்ணூற்றேழு.

என் தெர்மாமீட்டரை நான் தொட்டியை ஒட்டி மாட்டியிருக்கிறேன். அது தொட்டியின் சூட்டைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கீழே இவை இத்தனை நாளும் குளிரில் கிடந்திருக்கின்றன. மெஷினில் ஊசி ஒரு மயிரிழை விலகினாலும் கண்டுபிடிக்கிறவனுக்கு இது தெரியவில்லை — பயம். நெருப்பைச் சின்னதாக வைத்துக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்தது, பிடித்துக்கொண்டேன்.

தெர்மாமீட்டரை முட்டை மட்டத்துக்கு இறக்கிவிட்டுத் திரியை உயர்த்தினேன். டார்ச் அடித்துப் பார்த்ததில் ஏழில் ஏதோ அசைந்தது. மற்ற நான்கில் தெரியவில்லை.

தங்கையிடம் சொல்லவில்லை.

மார்ச் 23

இன்றுதான் பொரிக்க வேண்டிய நாள். தங்கை காலையிலிருந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச் 24

"போதும்ணா. குழி தோண்டிப் புதைச்சிடலாம்."

அதற்குமேல் தாங்கவில்லை. ஓட்டிப் பார்க்காத பெட்டி, குறைத்து வைத்த திரி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குளிரில் கிடந்ததால் தாமதமாகலாம், நான்கு நாள் பொறு என்று கெஞ்சினேன்.

அவள் கோபப்படவில்லை. "அன்னைக்கே தெரியும். நீ யோசிக்காம 'செய்யும்'னு சொன்னே பாரு, அப்பவே தெரியும். எனக்கும் வேற வழியில்ல."

திட்டியிருக்கலாம்.

மார்ச் 25

ஒன்றுமில்லை. நான்தான் கொன்றேனோ?

மார்ச் 26

டொக், டொக். முதலில் நெம்புகோல் என்று நினைத்தேன். ஒரு முட்டையில் விரிசல்! மறுபடி திறக்காதே, ஈரம் போய்விடும் என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 28

ஆறு குஞ்சுகள். ஏழாவது குஞ்சு ஓட்டைக் கொத்தியதோடு நின்றுவிட்டது. தங்கை ஆறையும் கூடையில் எடுத்துக்கொண்டு போனாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, நாய்க்கு எட்டாத உயரத்தில் கூண்டு அடித்துத் தரச் சொன்னாள்.

அசையாத அந்த நான்கும் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. முடிந்ததே, விளக்கை அணைத்துவிட்டு வந்து படுங்கள் என்றாள் மனைவி. பயமாகத்தான் இருந்தது. இன்று ஒரு நாள் எரியட்டும் என்று சொல்லிவிட்டு எண்ணெய் ஊற்றினேன்.