அண்ணனுக்கு உன் குரல்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். ஃபோனில் உன் அண்ணன் பேச்சை எடுத்தாலே, "சரி அண்ணி, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் பாதியில் வைக்க உனக்கு மனம் வராது.

அண்ணனுக்குப் பேசும் கருவி வந்து ஒரு மாதம் ஆகிறது. விபத்துக்குப் பிறகு அவருக்கு வலப்பக்கம் பார்வை இல்லை, கைகள் அசையாது, பேச்சும் வராது. அதனால் படங்களைத் திரையின் இடப்பக்கமே அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்தின் மேலும் வெளிச்சம் நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய படம் வந்ததும் கன்னத்தால் பொத்தானை அழுத்தினால், அதற்காகப் பதிந்த சொல் ஒலிக்கும்.

நான்தான் பதிந்தேன். 'தண்ணீர் வேண்டும்', 'வலிக்கிறது', 'நன்றி'. மூன்று வாரம் மனிதர் பொத்தானைத் தொடவே இல்லை. இனி அவருக்கு எதுவும் புரியாது போலிருக்கிறது என்று சமையலறையில் நின்று அழுதேன். பயிற்சி கொடுக்க வரும் பெண் கேட்டாள், "ஏங்க, உங்க வீட்ல யாரும் சண்டையே போட மாட்டீங்களா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டறையே அதிரக் கத்தியவர், நன்றி சொல்கிற ஆளா? 'அறிவிருக்கா?', 'காபி எங்கடி?' இரண்டையும் பதிந்தேன். அன்று மட்டும் பதினொரு முறை அறிவிருக்கா என்று கேட்டார். சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஒரே குறை, என் குரலிலேயே என்னை 'டி' போடுகிறார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, ஆண் குரல் இருந்தால் நல்லது என்றாள். அவர் பேசிய நாளில், ஃபோனில் பேசுவது நீயா அவரா என்று கட்டிக்கொண்ட எனக்கே தெரியாதே! உன்னை விட்டால் வேறு யார்?

இருபது வாசகங்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பதிந்து அனுப்பு. விபத்தன்று வண்டியை ஓட்டியது நீ என்பதால்தான் இரண்டு வருடமாக அவர் முகத்தைப் பார்க்க அஞ்சுகிறாய். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பத்தொன்பது நான் எழுதியவை. கடைசி வாசகத்தை, திரையில் படங்களுக்குக் கீழே இருக்கும் எழுத்துகளிலிருந்து அவரே ஒவ்வொன்றாகக் கன்னத்தால் அழுத்திச் சேர்த்தார். ஒரு மாலை முழுக்க ஆயிற்று. உதவப் போன எனக்கு 'அறிவிருக்கா?'தான் கிடைத்தது.

"டேய், தப்பு உன் மேல இல்ல. வந்து சேரு."

இதையும் உன் வாயாலேயே சொல்லி அனுப்பு. குரல் உடைந்தாலும் பரவாயில்லை, திருத்தாமல் அனுப்பு. நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி.

உன் அண்ணி