வெள்ளைத் துணிக்கு வெளியே

அக்டோபர் 7, திங்கள்

படகுத்துறையில் என் கடையில் இன்று வாழைப்பழம் பொரித்ததைவிட வாயடித்ததுதான் அதிகம். அமலேசி போகிறவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. பதினேழு வருஷம் கழித்து எங்கள் ஹத்துசிரி ஊரே கடல் தாண்டிப் போய் அமலேசிக்காரர்களோடு பெலா உறவை, ஊருக்கு ஊர் செய்துகொண்ட சகோதர உறவை, புதுப்பிக்கப் போகிறது. செய்தியைக் கொண்டுவந்தது லோடே அண்ணன், என் பெரியப்பா மகன். பெண்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போவது அவருடைய மோட்டார் படகுதான்.

"மினா, நீ வந்தா சாப்பாடு நல்லா இருக்கும். காதுதான் போயிடும்" என்றார். என் கையில் இருந்த கரண்டியில் கொதிக்கிற எண்ணெய் இருந்ததால் தப்பித்தார்.

அக்டோபர் 12, சனி

ஊர் ராஜா கூட்டம் போட்டு, தெரிந்ததையே மறுபடி சொன்னார். பெலா கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. பெலா வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்காமலே எடுக்கலாம். ஆனால் பெண் எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அவர்கள் நம் உடன்பிறப்பு. மீறினால் படகு கவிழும், உடம்பெல்லாம் புண் வரும்.

கடைசியைச் சொல்லும்போது இளவட்டங்களை ஒவ்வொருவராக முறைத்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நாற்பத்து மூன்று வயது விதவையை யார் எச்சரிப்பார்கள்?

அக்டோபர் 16, புதன்

வந்து சேர்ந்தோம். முன்னால் முப்பத்திரண்டு பேர் துடுப்பு போடும் பெரிய படகு, அதில் முரசு. பின்னால் நாங்கள் — பதினான்கு பெண்கள், சாகோப் பனை மாவு மூட்டைகள், ஒரு பன்றி. பாதிக் கடலில் மிதந்துவந்த மரக்கட்டை ஒன்று எங்கள் படகின் விலாவில் இடித்துப் பலகை விரிந்துவிட்டது. மூன்று மணி நேரம் தகரக் குவளையால் தண்ணீர் இறைத்தபடியே வந்தோம். பன்றி ஒன்றுதான் நிம்மதியாகத் தூங்கியது. பயமாக இருந்தது என்பதை எழுதிவிடுகிறேன். சந்தோஷமாகவும் இருந்தது.

கரையில் நீளமான வெள்ளைத் துணியால் எங்களைச் சுற்றி வளைத்து, அதற்குள்ளேயே ஊருக்குள் நடத்திப் போனார்கள். அமலேசிக்காரர்கள் எல்லாரும் துணிக்குள் புகுந்து எங்களோடு நெருக்கியடித்து நடந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் வெளியே நின்றார், எங்கள் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. தலைக்கனம் பிடித்த ஆள் போல.

நான் தங்கியிருப்பது திலா என்பவள் வீட்டில். இறங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை, என் பச்சைச் சட்டை அவள் உடம்பில். நான் அவளுடைய இரும்புச் சட்டியை எடுத்து என் மூட்டையில் வைத்துக்கொண்டேன். இருவருக்கும் மனம் நிறைந்தது.

அக்டோபர் 17, வியாழன்

கயிற்றைப் பிடித்திருந்தவர் பெயர் கனிஸ். படகு கட்டுகிறவர். விரிந்த பலகையைச் சரிசெய்யக் காலையிலிருந்து அவர்தான் படகுக்கு அடியில் கிடந்தார். சாப்பாடு கொண்டுபோனேன். சாகோக் களியை விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு கிடைக்குமா?" என்றார்.

கேட்டார்! பெலா என்றால் சட்டியோடு தூக்கிக்கொள்ள வேண்டியதுதானே. ஊரே என்னைப் 'பெலா, பெலா' என்று கூப்பிடுகிறது, இவர் மட்டும் 'மினா' என்கிறார்.

"உங்க குழம்புல எலுமிச்சை ஜாஸ்தி" என்று வேறு சொன்னார்.

"மூணாவது தடவை வாங்கிக் குடிச்ச பிறகா அது தெரிஞ்சுது?"

சிரித்தார். கையெல்லாம் பிசின், அதோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

பகலெல்லாம் விருந்தும் ஆட்டமும். மத்தியானம் கனிஸ் தன் சின்னப் படகில் கணவாய் மீன் பிடிக்கக் கூட்டிப்போனார். ஒன்று என் மேலேயே மையைக் கக்கியது. எத்தனை வருஷம் ஆயிற்று இப்படி வயிறு வலிக்கச் சிரித்து? என் புருஷன் யூனுஸ் போனதிலிருந்து இல்லை. எட்டு வருஷம்.

திரும்பி வந்து முகம் கழுவும்போதுதான் உறைத்தது. இவர் பெலா. கூடப் பிறந்தவர் மாதிரி. மினா, உனக்கு என்ன கேடு வந்தது? இந்த வயசுல உனக்கு இது தேவையா? வெளிய தெரிஞ்சா மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுப்பே?

அக்டோபர் 19, சனி

இன்று அவர் பக்கமே போகவில்லை. பன்றிக்கறியில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

அக்டோபர் 21, திங்கள்

உயிரோடு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மானம் இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

திரும்பும் வழியில் பாதி தூரத்தில் அலை பெரிதானது. என்ஜின் இருமி இருமி நின்றது. துடுப்புப் படகிலிருந்து கயிறு வீசினார்கள், அதுவும் அறுந்தது. படகு குறுக்கே திரும்பிக்கொண்டது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு பக்கம் தண்ணீர் உள்ளே வந்தது. பெண்கள் ஜெபிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு ஜெபம் வரவில்லை. யாரால் இது என்று எனக்குத்தான் தெரியுமே. பதிமூன்று பெண்களும் அண்ணனும் என்னால் சாக வேண்டுமா?

எழுந்து நின்று கத்திவிட்டேன். "என்னாலதான்! என்னைத் தூக்கிக் கடல்ல போடுங்க! பெலா ஆம்பளை மேல மனசு வெச்சுட்டேன்!"

லோடே அண்ணன் என்ஜினிலிருந்து தலையைத் தூக்கினார். "யாரு மேல?"

"படகு கட்டுற கனிஸ் மேல."

"என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல. நினைச்சேன்."

"நினைச்சதுக்கெல்லாம் கவிழ்ந்தா கடல்ல ஒரு படகு மிஞ்சாது, உக்காரு. அதுவும் அவன் கேய்த் தீவுக்காரன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வேலைக்கு வந்தவன். பெலாவே கிடையாது. துணிக்குள்ள அவன் வரலியே, நீ பாக்கலியா?"

பிறகு ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும். முழங்கால் வரை தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, சாவு கண்ணெதிரில் நிற்கும்போது, பதிமூன்று பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். லோடே அண்ணன் நனைந்த ப்ளக்கைத் தன் சட்டையில் துடைத்துப் போட்டு நாலு இழுப்பு இழுத்தார். என்ஜின் பிடித்துக்கொண்டது.

"அவருக்கு இது தெரியவே கூடாது" என்றேன்.

"நீ கத்தின கத்துக்கு அமலேசி வரைக்கும் கேட்டிருக்கும்."

அக்டோபர் 28, திங்கள்

துறையில் எல்லாரும் 'கேய் காபி' கேட்கிறார்கள். சாதாரணக் காபிதான் கொடுக்கிறேன், சர்க்கரை இல்லாமல்.

நவம்பர் 4, திங்கள்

சாமான் படகுக்காரரிடம் கனிஸ் சொல்லி அனுப்பியிருக்கிறார்: பலகை எப்படி இருக்கிறது?

பலகை நன்றாக இருக்கிறது, இருந்தாலும் வந்து பார்ப்பது நல்லது என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

வந்தார். இரண்டு நாள் லோடே அண்ணன் வீட்டில் தங்கினார். பலகையைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிஷம், மீதி நேரமெல்லாம் என் கடை பெஞ்சில். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அண்ணனிடம் வந்து முறையாகப் பேசட்டுமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். நன்றாக இருக்கிறேன். இதை எழுதிவைக்க வேண்டும்போல இருந்தது.

நவம்பர் 21, வியாழன்

திலா சந்தைக்கு வந்தவள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். டிசம்பர் ஒன்றாம் தேதி அமலேசி கனிஸைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறதாம். துணிக்குள் அழைத்து, குலப்பெயர் கொடுத்து, கரையோரம் வீட்டுமனையும் தருகிறார்களாம். அவர்கள் ராஜா சொன்னதைக் கேட்டதும் கனிஸ் அழுதுவிட்டாராம்.

அழாமல் என்ன செய்வார்? பதினோரு வருஷம் படகுக் கொட்டகையில் படுத்த மனுஷன். அவர் இங்கே வந்துபோனது அந்த ராஜாவின் காதுக்கும் எட்டியிருக்கும். நல்ல தச்சனை யார் விடுவார்கள்?

ஆனால் பிள்ளையாகிவிட்டால் அவர் பெலா. அன்றைக்குப் பொய்யாகப் போனது இனிமேல் நிஜம்.

லோடே அண்ணன் சொன்னார், "அவங்க ராஜாகிட்ட போய்க் கேளு. அவனைப் பிள்ளையா எடுக்காதீங்கன்னு. பெலா கேட்டா இல்லைன்னு சொல்ல முடியாது."

முடியும்தான். ஒரே வார்த்தை. இன்றைக்கே படகு ஏறலாம். ஆனா அது என்ன நியாயம்? ஒருத்தருக்கு முதல் தடவையா ஒரு ஊரு கிடைக்குது, அதை நான் போய்த் தட்டி விடணுமா?

"ஆளைக் கேட்டு வாங்குறதுக்கு அவர் என்ன கோழியா?" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

இந்நேரம் அங்கே துணியை விரித்திருப்பார்கள். கோவிலில் பாட்டு எதுவும் வாயில் வரவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

காலையில் அமலேசிப் படகு வந்தது. திலா முதலில் குதித்து இறங்கினாள், முகம் சுண்டிப்போயிருந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்து காபிகூடக் கேட்காமல் ஆரம்பித்தாள்.

"ஊரே கூடி உக்காந்திருக்கு. ராஜா துணியைத் தூக்கிப் பிடிச்சு வாடாங்கிறார். இவன், 'மன்னிக்கணும், நான் உள்ள வரல'ங்கிறான். ராஜாவுக்கு மூஞ்சி கறுத்துப்போச்சு. 'பதினோரு வருஷம் எங்க சோறு தின்னியே, நாங்க வேணாமா?'ன்னு கேட்டார். இவன் கண்ணுல தண்ணி. 'உங்களைவிட யாரு எனக்கு? ஆனா உள்ள வந்தா மினா எனக்குத் தங்கச்சி ஆயிடுவா. கேய்ல ஏற்கெனவே நாலு தங்கச்சிங்க இருக்காங்க. போதும்'னு சொன்னான்."

"ராஜா என்ன சொன்னார்?"

"துணியை மடிக்கச் சொன்னார். வேற என்ன சொல்வார்?"

அதற்குள் கனிஸ் கருவிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு துறையில் நடந்து வந்தார். இறக்கி வைத்தார். என்னைப் பார்த்தார்.

"மனை போச்சே" என்றேன்.

"உன் வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு லோடே சொன்னாரு."

ஒழுகுவது உண்மைதான், மேற்கு மூலையில். திலாவைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.