இடது பின்னங்கால்

மாசி 22, புதன்

வெயில் இப்போதே சித்திரையைப் போல. காற்று இல்லை. வெட்டிய இடது காலின் முனையில் வேர்க்குரு. பவுடர் போட்டேன்.

செய்ய: வண்டியின் பக்கச் சக்கரத்துக்குக் காற்று. ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது, ஆண்டிபட்டியில் புதிது. தேர்வு விண்ணப்பம், கடைசி நாள் வெள்ளி.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: சிறப்பு வசதி ஏதும் தேவையா? தரைத்தளத்தில் அறை என்று எழுதி வைத்தேன். வெட்கமில்லை. கேள்வித்தாள் எல்லா மாடியிலும் ஒன்றுதான்.

மாலை முருகேசன் சித்தப்பாவின் டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை சாமி வேட்டை. எல்லாம் அதே பேச்சு.

"ஏலே, இந்த வருசமும் சேர் போட்டுத்தான் வேட்டையா? மகாராசா வாராகன்னு தண்டோரா போடச் சொல்லவா?"

"சேர் வேணாம் சித்தப்பா. நின்னுதேன்."

"நீ நின்னா அப்பறம் ஓடுறது யாரு?"

"முயலுதேன்."

கடையே சிரித்தது. அவ்வளவு சிரிக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு யாரோ, "போன வருசம் எப்படி அடிச்ச, இன்னொரு தடவ சொல்லு மாப்ள" என்றார்கள். சொன்னேன். எத்தனையாவது தடவையோ.

வீட்டுக்கு வந்து போன வருஷ நோட்டை எடுத்துப் பார்த்தேன். இப்படி எழுதியிருக்கிறேன்: 'வலை ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி. கையில் கம்பு. கரட்டுக் குன்றிலிருந்து முயல்களைக் கலைத்துக்கொண்டு வரும் சத்தம். புதரிலிருந்து ஒன்று, சற்றுச் சாய்ந்தபடி. என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றது. ஒரே அடி. அம்மாவிடம் சோறு கேட்டேன்.'

கடைசி வரி முக்கியம். கால் போனது அதற்கு முந்தின வைகாசியில், கணவாயில், லாரி. ஒன்பது மாதம் இந்த அறை. இந்தச் சுவர். அந்த ஒரு அடிக்குப் பிறகுதான் வெளியே வந்தேன்.

என்னிடம் இருப்பது அந்த ஒன்று. நானே செய்தது.

மாசி 23, வியாழன்

வனத்துறை ஆள் வந்து ஊர் மந்தையில் எச்சரித்துவிட்டுப் போனார்.

"முயலப் பிடிச்சாலும் கேஸ்தான். தெரியும்ல?"

"தெரியும் சார். டீ குடிங்க."

குடித்தார். போனார். சட்டத்தின் பக்கம் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரும் குற்றவாளிகள். நானும்தான். ஊரின் நியாயம் வேறு. துப்பாக்கி கூடாது. படுத்திருப்பதை அடிக்கக் கூடாது. பிடித்து வைத்ததை அடிக்கவே கூடாது, சாமிக்கு ஆகாது. ஓடி வருவதற்கு மட்டும் அடி. முதல் முயல் கோயிலில் தொங்கும். அடித்தவனுக்கு அதன் தொடை, மற்றதெல்லாம் சரிபங்கு.

ஓடுகிறதற்குத் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது, ஆகவே அது கொலை இல்லை. இதுதான் வாதம். எம்.ஏ.வில் அறவியல் தாளில் இதைவிட மோசமான வாதங்களுக்கு எனக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்.

நாற்காலியைப் பற்றி யோசித்தேன். உட்கார்ந்திருக்கிறேனா நிற்கிறேனா என்பதில் முயலுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. தரைத்தளம் மாதிரி. சரியான சலுகை. இருந்தும் வேண்டாம் என்று தோன்றுகிறது. போன வருஷம் அடித்தவன் இந்த வருஷம் நிற்க வேண்டாமா.

அப்பாவிடம் சொன்னேன். தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"கால் கடுக்கும்டா."

"கடுக்கட்டும்ப்பா."

"சரி. வலைக்குப் பக்கத்துல நின்னுக்க. அங்கன இருந்து நகரக் கூடாது."

சாப்பிடாமல் காட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாளாகவே வெள்ளென, விடியுமுன்னே கிளம்புகிறார். கடலைக்குத் தண்ணீர் கட்ட என்கிறார்.

ரப்பர் வாங்கவில்லை.

மாசி 24, வெள்ளி

பகல் இரண்டு மணி இருக்கும். அம்மா: "மோட்டார் ஓடிக்கிட்டே கெடக்கு. அப்பா ஆண்டிபட்டி போயிட்டாக. ஒரு எட்டு போயி நிப்பாட்டிட்டு வாடா."

வண்டியில் போனேன். மோட்டார் ரூம் பூட்டியிருந்தது. எப்போதும் பூட்டுவதில்லை. சாவி நிலைக்கு மேலே.

ஸ்விட்சை அணைத்தேன். சத்தம் அடங்கிய பிறகு வேறு ஒரு சத்தம். மூலையில் கவிழ்த்த கூடை. கூடை மேல் கல். பக்கத்தில் மயில் படம் போட்ட நீல அரிசிச் சாக்கு.

கல்லை ஊன்றுகோலால் தள்ளினேன்.

முயல். பெரியது. காது மடங்கி, வயிறு துடிக்க. கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்திருந்தது. பச்சைக் கடலைச் செடி ஒரு பிடி, பாதி தின்றிருந்தது.

ஓடவில்லை. ஓட முயன்றது. இடது பின்னங்கால் பின்னால் தனியாகக் கிடந்தது, யாருடையதோ போல. கண்ணியில் சிக்கி ஒடிந்ததல்ல. கண்ணியின் தடம் கழுத்தில். காலில் தடம் ஏதுமில்லை. நடுவில் ஒரே இடத்தில் முறிவு. கையால்.

இடது. தற்செயல்தான். தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.

மறுபடி கூடையைக் கவிழ்த்தேன். கல்லைத் தூக்கி வைக்க மூன்று தடவை குனிய வேண்டியிருந்தது. பூட்டினேன். சாவி நிலைக்கு மேலே.

வீட்டில் போன வருஷ நோட்டு. 'சற்றுச் சாய்ந்தபடி.' 'திகைத்து நின்றது.'

திகைக்கவில்லை.

விண்ணப்பம் அனுப்பவில்லை. கடைசி நாள் இன்று.

மாசி 25, சனி

தூக்கமில்லை. காற்று வந்துவிட்டது. தகரம் அடித்துக்கொள்கிறது.

செ.யைக் கரட்டு அடிவாரத்துக்கு வரச் சொன்னேன். தாய்மாமன் மகன் செல்லப்பாண்டி, ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட இருப்பவன். வந்தவன் வண்டியின் பக்கச் சக்கரத்தில் உட்கார்ந்தான். கூடையைப் பற்றிச் சொன்னேன். நீண்ட நேரம் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"போன வருசமுமா மச்சான்?" என்றேன்.

"விடு மாப்ள."

"போன வருசமுமா?"

"ஆமா."

"யாரு?"

"மாமாதேன், ஒங்கப்பா. மூணு நாளா கண்ணி வச்சுப் பிடிச்சாக. நான்தேன் முயலப் பிடிச்சுக்கிட்டேன். ஒடைக்கிறப்ப மூஞ்சத் திருப்பிக்கிட்டாக. சத்தம் கேட்டதும் வெளிய போயி வரப்புல உக்காந்துட்டாக. வாந்தி எடுத்தாக."

"ஊர்ல யாருக்கெல்லாம் தெரியும்?"

கோடுகளையெல்லாம் சுற்றி ஒரு வட்டம் போட்டான். எல்லாருக்கும்.

"டீக்கடையில என்னையக் கதை சொல்லச் சொல்லிக் கேட்டதெல்லாம்?"

"கேலிக்கு இல்லடா. சத்தியமா. நீ சொல்றப்ப ஒன் மொகம் ஒரு மாதிரி நல்லாருக்கும். அதுக்காகத்தேன் கேட்டோம்."

இதைவிடக் கேலி செய்திருக்கலாம்.

"பிடிச்சு வச்சத அடிச்சா சாமிக்கு ஆகாதுன்னு சொல்வாகளே. அது?"

"பூசாரிகிட்ட மாமா போயிக் கேட்டாக. 'எம்மகன் எந்திரிச்சு வரணும், பாவம் என்மேல வரட்டும்'னாக. பூசாரி திருநீறு குடுத்தாக." பிறகு செ. எழுந்து நின்றான். "ஒம்போது மாசம் மாப்ள. தட்டுல போட்ட சோறு அப்படியே திரும்பி வரும். அரளி விதைய எங்க ஒளிச்சு வச்சிருக்கன்னு அத்த ஒன் தலகாணியத் தெனமும் தடவிப் பாப்பாக. ஒரு முயலு காலா பெருசு? நீயே சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. உயிரோடு இருக்கிறவன் அதை எப்படிச் சொல்வான்.

எழுதிப் பார்க்கிறேன். எனக்குத் தந்தவை:

வண்டி. அரசாங்கம்.
பேருந்தில் முன் இருக்கை. எழுந்து நின்ற யாரோ.
நாற்காலி. சித்தப்பா கடையிலிருந்து.
வேட்டை. முயலின் கால்.

மற்றதெல்லாம் வாங்கும்போது வாங்குகிறோம் என்று எனக்குத் தெரியும். மாடியை மாற்றவில்லை இவர்கள். கேள்வியையே மாற்றிவிட்டார்கள். பிறகு நான் எழுதிய விடைக்குக் கை தட்டினார்கள்.

இன்றே போய்க் கூடையைத் திறந்துவிட்டால்? மூன்று காலில் எவ்வளவு தூரம். நாய், கீரி, பருந்து. முயலுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தருவதில்லை.

நாளை போகாமல் இருந்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், எனக்குத் தெரியும் என்பது.

போவேன். அடிக்க மாட்டேன். முடிவு.

மாசி 26, ஞாயிறு

காற்று. தூசி. கண் எரிச்சல்.

காலை ஏழுக்குக் கரடு. சாமி கும்பிட்டார்கள். கொம்பு ஊதினார்கள். அப்பா என் நெற்றியில் திருநீறு பூசினார்.  

வலைக்கு இடப்பக்கம் நின்றேன். நாற்காலி இல்லை. இடது கக்கத்தில் ஊன்றுகோல், வலது கையில் கம்பு. தேய்ந்த ரப்பர் கல்லில் வழுக்கியது.

மேலிருந்து கலைக்கிற சத்தம் இறங்கியது. "வருது வருது" என்று யாரோ. எனக்கு முன்னால் இருபது அடியில் ஒரு முட்புதர். அதற்குப் பின்னால் நீல நிறம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. மயில் சாக்கு.

வந்தது. இரண்டு தாவல், ஒரு இழுப்பு. இரண்டு தாவல், ஒரு இழுப்பு. நேராக என்னிடம். என்னைவிட்டால் அந்தப் பக்கம் வலை. வேறு வழி வைக்கவில்லை அதற்கு.

நின்றது. நான் கம்பைத் தூக்கவில்லை.

ஒருவரும் கத்தவில்லை. நாற்பது பேர் கரட்டில் நிற்கும் அமைதியை முதல்முறையாகக் கேட்டேன். பக்கத்துத் தோட்டத்துக் கருப்பு நாய் மட்டும் பாய்ந்து வந்தது. அப்பா குறுக்கே விழுந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். மண்டியிட்டு, நாயைக் கட்டிப் பிடித்தபடி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த முகத்தை எழுத மாட்டேன்.

"அடிடா" என்றார். சத்தம் வரவில்லை. வாய் மட்டும்.

அடித்தேன். தவறியது. கல்லில் பட்டுக் கை மரத்தது. கால் ஒடிந்து மூன்றடி தூரத்தில் நிற்கிற முயல், அதற்கும் என் அடி தவறியது. அது கத்தியது. முயல் கத்தும் என்று பலருக்குத் தெரியாது. பச்சைப் பிள்ளையின் குரல். நிறுத்துவதற்காக மறுபடி அடித்தேன். நின்றது.

கை தட்டினார்கள். விசில். செ. என்னைத் தூக்கித் தோளில் வைத்தான். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. ஊன்றுகோல் கீழேயே கிடந்தது.

இரக்கத்தால் அடித்தேன் என்று இங்கே எழுதலாம். யாருக்கு இரக்கம் என்று தெரியவில்லை. பார்க்கிறவர்களுக்கு எதற்காக அடித்தாலும் அடி அடிதான்.

முதல் முயல். கோயிலில் தொங்கியது. பூசாரி அதைப் பார்க்காமல் மணி அடித்தார்.

மதியம் தொடை வீட்டுக்கு வந்தது. இரண்டும். அம்மா மிளகு அரைத்துக் குழம்பு. எனக்கு முதலில்.

"எலும்பு செதறிக் கெடக்கு. பாத்துத் தின்னுடா."

அப்பா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். சோறு மட்டும். குழம்பு ஊற்றிக்கொள்ளவில்லை. போன வருஷமும் ஊற்றிக்கொள்ளவில்லை, இப்போது ஞாபகம் வருகிறது.

"நல்லாத்தேன் நிக்கிற" என்றார். "அடுத்த வருசம் வலப்பக்கம் நில்லு. அங்கன நெழல் இருக்கு."

அடுத்த வருஷம். அதற்கும் ஒரு முயல் இப்போது எங்கேயோ நான்கு காலில்.

தெரியும்ப்பா என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறேனா என்று.

"சரிப்பா."

தின்றேன். முழுவதும்.

மாசி 27, திங்கள்

காற்று அடங்கவில்லை. வலது தோளில் வீக்கம். ரப்பர் வாங்கினேன்.

டீக்கடை. செ. வரவில்லை. சித்தப்பா டீயை நீட்டிக்கொண்டே, "எப்படி அடிச்சன்னு சொல்லுலே" என்றார். பெஞ்சில் எல்லாரும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அப்பாவும் இருந்தார், ஓரத்தில், கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

சொன்னேன். போன வருஷக் கதையேதான்: புதர், சத்தம், ஒரே அடி. கையை ஓங்கிக் காட்டினேன்.

சாய்ந்து வந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.