பதினைந்து நாள் என்று சொல்லாதே

கட்சால் தீவு
12.8.2016

அன்பு மகள் ஷீலாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாரியம்மா துணை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது, டவர் எப்போது வருமோ என்று எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

நீ சென்னையின் பழைய பேட்டைக்கு அடியில் மெட்ரோ பாதையை நீட்டுகிற வேலையில் இருக்கிறாய் என்றால் இங்கே பாதிப்பேர் நம்புவதில்லை. தண்ணீருக்கு மேலே போகிற கப்பலே சொன்ன நாளில் வராத ஊர் இது, தரைக்குக் கீழே ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் எப்படி நம்புவார்கள். அம்மா, நீ தினமும் குனிந்துகொண்டே போய் வருகிறாயா என்று கேட்கிறாள்.

அது கிடக்கட்டும். அப்பளம் போட்டு விற்கிற ஜெயலட்சுமி அம்மாவின் நூறு வருஷத்து வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிற மிஷின் போகப்போகிறது, அது கடந்து போகும்வரை அவர் லாட்ஜில் இருக்க வேண்டும், உன் மேலதிகாரி பதினைந்து நாள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கச் சொன்னார் என்றாய். அந்த அம்மா, அவங்கள நம்பலம்மா, உன் மூஞ்சிக்காகப் போறேன்னு சொன்னதைப் பெருமையாகச் சொன்னாய்.

ஊரில் என்னை 'மூணு மாசம்' என்று கூப்பிடுவது ஏன் என்று நீ கேட்டபோதெல்லாம் மழுப்பியிருக்கிறேன். சுனாமி சமயம் நீ போர்ட் பிளேர் ஹாஸ்டலில் இருந்தாய். பூகம்பத்தில் நம் ரப்பர் தோட்டத்து லயன் வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விட்டிருந்தது, தகரக் கொட்டகைக்குப் போங்கள் என்று ஒரு அதிகாரி வந்தார். யாரும் அசையவில்லை. தோட்டத்தில் ஹிந்தி நன்றாகப் பேசுகிறவன் நான் என்று என்னைக் கூப்பிட்டு, சிர்ஃப் தீன் மஹினா, சமஜாவோ இன்கோ, மூணே மாசம்தான், இவங்களுக்கு எடுத்துச் சொல்லு என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை, அதிகாரியே என் தோளில் கைபோட்டாரே. மூணே மாசம், நான் சொல்றேன், கெளம்புங்க என்று வீடு வீடாகப் போனேன். ரப்பர் பால் வெட்டுவதில் என் கூட்டாளி ஐயாவு மட்டும், நெசமாத்தானான்னு கேட்டான். என் மேல சத்தியம் என்றேன். முப்பத்திரண்டு குடும்பம் வெளியே வந்தது.

புது வீடு கிடைக்க ஐந்து வருஷம் ஆயிற்று. வெயிலில் அந்தத் தகரத்தில் அப்பளமே பொரிக்கலாம். மாதம் ஒரு குழு வரும், இளநீர் குடிக்கும், வசதி திருப்தி என்று எழுதிக்கொண்டு போகும். மூணு மாசம் என்று சொன்னவர் மூன்றாம் மாதமே மெயின்லேண்டுக்கு மாற்றலாகிவிட்டார், அவர் சொன்னதில் அது ஒன்றுதான் சரியாக நடந்தது. அவர் பேர்கூட ஜனங்களுக்கு மறந்துவிட்டது. என் பேர் மறக்கவில்லை. ஐயாவுக்கும் நமக்கும் நடுவே ஒரே தகரம், அவன் இருமுவது கேட்கும், அவன் மட்டும் என்னோடு பேசவில்லை. புது வீட்டுச் சாவி கொடுத்த அன்றைக்கு வந்து நின்று, நீ பொய் சொல்லல முத்துவீரா, ஒனக்குத் தெரியாதத தெரிஞ்ச மாரி சொன்ன, பொய்யின்னா நான் கண்டுபிடிச்சிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதனால் மகளே, அந்த அம்மாவிடம் போய், எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது என்று சொல்லிவிடு. போகவேண்டாம் என்று சொல்லாதே, மிஷின் போகும்போது விரிசல் விழக்கூடிய வீட்டில் இருப்பது ஆபத்து, அதையும் சொல். திரும்பி வரும் தேதியை எழுத்தில் தரச்சொல்லி மேலதிகாரியிடம் நீயே கேள். முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். வேலையே போனாலும் கப்பல் ஏறி வா, வருகிற நாளை மட்டும் சொல்லாதே, அது கப்பலுக்கே தெரியாது.

நீ நல்லபடியாக இருந்து நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசும்படி வாழ அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். தலைக்குத் தொப்பி போடாமல் சுரங்கத்தில் இறங்காதே. இதைப் படித்தவுடன் எனக்குப் போன் செய்யவேண்டாம், முதலில் அந்த அம்மா வீட்டுக்குப் போ.

இப்படிக்கு உன் அப்பா,
ப. முத்துவீரன்